லண்டனில் பல் மருத்துவரின் பதிவைச் சரிபார்த்தல்: இம்ப்ளாண்ட் சிகிச்சையில் நான் பட்டதும் அறிந்ததும்

பிரிட்டனில் பல் மருத்துவர் ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருக்கிறதா என்பதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி, சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஜெனரல் டென்டல் கவுன்சில் என்னும் ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் பதிவேடு திறந்தே இருக்கிறது. இதை முன்பே அறிந்திருந்தவன் நான். சிகிச்சை தொடங்குவதற்கு முன் பார்த்தும் இருந்தேன். அன்று எனக்குச் சிகிச்சை தரவிருந்த மருத்துவரின் பெயருக்கு எதிரே எந்தக் குறிப்பும் இல்லை. சில மாதங்கள் கழித்து அதே பக்கத்தில் வேறொன்று எழுதப்பட்டிருந்ததும், அந்த இடைவெளியில் என் கீழுதட்டின் ஒரு பாதி மரத்துப்போனதும், 4,600 பவுண்டு கைவிட்டுப் போனதும்தான் இங்கே நான் சொல்ல வந்தது. பதிவேட்டை ஒருமுறை பார்த்தால் போதாது என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், பணம் போயிருந்தாலும், பாதிச் சிகிச்சையிலாவது எழுந்து வந்திருப்பேன்.

2022 சனவரியில் கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. அரசின் தேசிய சுகாதாரச் சேவையில் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகுபோல் பதிக்கும் செயற்கைப் பல்வேர், வழக்கமாகக் கிடைப்பதில்லை. தனிப்பட்ட மருத்துவத் தேவை இருப்போருக்கு மட்டுமே அது அரிதாக வழங்கப்படுகிறது. ஆகவே கிழக்கு லண்டனில் வீட்டுக்கு அருகிலிருந்த தனியார் கிளினிக் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண் தமிழில் பேசினார். என்னோடு வந்த அம்மாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மருத்துவரும் பொறுமையாகவே விளக்கினார். ஆனாலும் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தபடி, அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

எண்ணைக் கேட்பது முக்கியம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர் பெயர்களை இந்த நாட்டுப் பதிவேடுகளில் தேடுவது எளிதன்று. கிளினிக் பலகையில் 'டாக்டர் ரவி' என்று இருப்பார். பதிவேட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகி, நீண்ட முழுப்பெயராக நிற்பார். ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ தேடல் வெறுங்கையோடு திரும்பும். அல்லது அதே பெயருடைய வேறொருவரைக் காட்டும். எண்ணில் அந்தக் குழப்பம் இல்லை. மருத்துவரின் பதிவு எண்ணையும், பட்டத்தையும், அதை எந்த நாட்டில் பெற்றார் என்பதையும் கிளினிக்கின் இணையதளத்தில் காட்ட வேண்டும் என்று கவுன்சிலின் விளம்பர வழிகாட்டுதலே கூறுகிறது. அதனால் எண்ணைக் கேட்க நீங்கள் கூச வேண்டியதில்லை.

எண்ணை இட்டதும் பெயர், பதிவான நாள், பட்டங்கள், பதிவின் நிலை ஆகியவை வந்தன. நிலை என்ற இடத்தில் பதிவு பெற்றவர் என்று மட்டும் இருந்தது. கிளினிக்கின் விளம்பரத்தில் அவரை 'இம்ப்ளாண்ட் ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருந்தது மட்டும் சற்று உறுத்தியது. கவுன்சில் பராமரிக்கும் சிறப்பு மருத்துவர் பட்டியல்கள் 13. அவற்றில் இம்ப்ளாண்ட் என்று ஒன்று இல்லவே இல்லை. பட்டியலில் இருப்பவர் மட்டுமே தம்மை ஸ்பெஷலிஸ்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டபோது, "அது மார்க்கெட்டிங்காரர் எழுதியது" என்று சிரித்தார் மருத்துவர். கேர் குவாலிட்டி கமிஷனின் ஆய்வறிக்கையையும் படித்தேன். இங்கிலாந்தில் கிளினிக்குகளை ஆய்வு செய்வது அந்த அமைப்பு; மருத்துவமனைகளுக்குத் தருவது போன்ற தர மதிப்பீட்டைப் பல் கிளினிக்குகளுக்கு அது தருவதில்லை, உரிய நெறிகளை நிறைவு செய்கிறதா என்றுதான் சொல்கிறது. அதிலும் குறை ஏதும் இல்லை. 600 பவுண்டு முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். மீதி 4,000 பவுண்டையும் பிறகு வங்கிக் கணக்கிலிருந்து தவணைகளாகக் கட்டி முடித்தேன்.

பிப்ரவரியில் இரண்டு இம்ப்ளாண்டுகளையும் எலும்பில் பதித்தார்கள். மரப்பு ஊசியின் விளைவு அன்று மாலை தீர்ந்துவிடும் என்றார்கள், மறுநாளும் தீரவில்லை. உதட்டின் வலப்பாதியும் மோவாயின் ஒரு பகுதியும் என்னுடையவை அல்லாதவைபோல் கிடந்தன. தொலைபேசியில் கேட்டபோது, வீக்கம் வடிய வடியச் சரியாகும், பதற வேண்டாம் என்றார் மருத்துவர். (பிறகு நான் சந்தித்த நிபுணர் சொன்னதை இதைப் படிப்போர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: கீழ்த்தாடையில் இம்ப்ளாண்ட் வைத்த மறுநாளும் மரப்பு நீங்கவில்லை என்றால், காத்திருக்காமல் அன்றே நேரில் காட்ட வேண்டும், சிகிச்சை செய்தவர் பார்க்க மறுத்தால் வேறொருவரிடம் போக வேண்டும். நரம்பு அழுத்தப்பட்டிருந்தால், சீக்கிரம் விடுவிப்பதுதான் அது மீளும் வாய்ப்பைக் கூட்டும்.) வாரங்கள் போயின. சூடான தேநீர் உதட்டோரம் வழிந்து சட்டையில் சொட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். விருந்துகளில் என் மனைவி எதிரில் உட்கார்ந்து, என் உதட்டில் சோறு ஒட்டியிருந்தால் தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவாள். அந்தச் சைகையை வேறு யாரேனும் கவனித்துவிடுவார்களோ என்று பார்ப்பதிலேயே சாப்பாட்டின் ருசி போய்விடும். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

ஜூன் மாதத்தில் இம்ப்ளாண்டுகளின்மேல் கிரவுன் என்னும் பல் வடிவ மேலுறையைப் பொருத்தினார் அதே மருத்துவர். மரப்பைப் பற்றி மீண்டும் சொன்னேன். ஓராண்டு வரை ஆகலாம் என்றார். செப்டம்பரில் பின்பக்க இம்ப்ளாண்டைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. கிளினிக்கை அழைத்தபோது அவர் அங்கிருந்து போய்விட்டார் என்றார்கள். எங்கே போனார் என்று கேட்டால், தெரியாது. யார் பொறுப்பு என்று கேட்டால், அவர் எங்கள் ஊழியர் அல்லர், சுயதொழில் முறையில் இங்கே வந்து பார்த்தவர், அவருடைய சிகிச்சைக்கு அவரே பொறுப்பு என்று மேலாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

வேறொரு கிளினிக்கில் வாய் அறுவைச் சிகிச்சைக்கான சிறப்புப் பட்டியலில் உள்ள ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். ஆலோசனைக்கு 180 பவுண்டு, முப்பரிமாண ஸ்கேனுக்கு 150 பவுண்டு. திரையில் சாம்பல் நிறத்தில் தாடை எலும்பு. அதனுள் நரம்பு செல்லும் குழாயின் மேல்விளிம்பை ஒரு திருகு தொட்டுக்கொண்டிருந்தது. முந்தைய மருத்துவரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதிப்பதற்கு முன் இதுபோன்ற ஸ்கேன் எடுத்தார்களா என்று மட்டும் கேட்டார். சாதாரண எக்ஸ்ரே எடுத்ததாகச் சொன்னேன். குறித்துக்கொண்டார். கிளம்பும்போது, "அவருடைய பதிவை அண்மையில் பார்த்தீர்களா?" என்று கேட்டார். சனவரியில் பார்த்தேன் என்றேன். "இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்" என்றார்.

கார் நிறுத்தத்திலேயே பார்த்தேன். நிலை என்ற இடத்தில், நிபந்தனைகளுக்கு உட்பட்ட பதிவு என்று இருந்தது. அது இடைக்கால ஆணை. நாள், 2022 மார்ச். நிபந்தனைகளைத் திறந்து படித்தேன். இம்ப்ளாண்ட் சிகிச்சையின் எந்தக் கட்டத்தையும் அவர் செய்யக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எனக்குக் கிரவுன் பொருத்தியது ஜூனில். அந்த ஆணையைத் தம்மை வேலைக்கு வைத்திருப்போருக்கும் ஒப்பந்தம் செய்திருப்போருக்கும் அவர் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நோயாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற வரி எங்கும் இல்லை. பதிவைப் பற்றிக் கேட்கும் எவருக்கும் நிபந்தனைகளைச் சொல்லக் கவுன்சிலுக்கு அவர் அனுமதி அளிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டவருக்குச் சொல்லப்படும், கேட்காதவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருப்பார். அதன் பிறகு வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை.

இடைக்கால ஆணை என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் இதைத்தான் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு மருத்துவர்மீது கடுமையான புகார் வந்து, முழு விசாரணை முடியும்வரை காத்திருந்தால் நோயாளிகளுக்கு ஆபத்து என்று தோன்றினால், கவுன்சிலின் இடைக்கால ஆணைக் குழு அவருக்கு நிபந்தனை விதிக்கலாம் அல்லது அவரை இடைநீக்கம் செய்யலாம். முதலில் அதிகபட்சம் 18 மாதங்கள். ஆறு மாதங்களுக்குள் மறுபரிசீலனை. அதற்குமேல் நீட்டிக்க உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்தக் குழு எதையும் நிரூபணமானதாகத் தீர்மானிப்பதில்லை. ஆபத்து உண்டா என்பதை மட்டும் எடைபோடுகிறது. ஆகவே இடைக்கால ஆணை இருக்கிறது என்பதால் அவர் குற்றம் செய்தவர் என்று ஆகாது. அதற்காக அதை ஒதுக்கிவிடவும் கூடாது. நாட்டிங்காம்ஷயரின் டேபுரூக்கில் தொற்றுத் தடுப்பு முறைகளைப் பின்பற்றாத ஒரு பல் மருத்துவரால், 2014 நவம்பரில் சுமார் 22,000 முன்னாள் நோயாளிகளை இரத்தப் பரிசோதனைக்கு வரும்படி அழைக்க நேர்ந்தது. அவர் முதலில் இடைக்காலமாகத்தான் நிறுத்தப்பட்டார்; பெயர் நீக்கப்பட்டது 2016இல். இறுதி முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளிக்கு இவ்வளவு காலம் பிடிக்கும்.

பதிவேடு காட்டாதவற்றையும் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. புகார் வந்து, தொடக்க ஆய்வில் இருக்கும் நிலையில் பதிவேட்டில் எதுவும் தெரியாது. என் மருத்துவர்மீது சனவரியிலேயே புகார் இருந்ததைப் பிறகு விசாரணை ஆவணத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். நான் பார்த்த நாளில் பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது, அதில் பொய்யும் இல்லை. 2016 நவம்பர் முதல் வழக்குப் பரிசோதகர்கள் என்னும் இருவர், ஒருவர் பல் மருத்துவத் துறையினர், மற்றவர் வெளியாள், புகாரை விசாரணைக் குழுவுக்கு அனுப்புவதா என முடிவு செய்கிறார்கள். அவர்களே எச்சரிக்கையோடு முடித்துவிடலாம். அந்த எச்சரிக்கையை வெளியிடலாம், வெளியிடாமலும் விடலாம். வெளியிட்டவையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பதிவேட்டுப் பக்கத்திலிருந்து நீங்கிவிடும். உடல்நலம் சார்ந்த விவரங்கள் வெளியிடப்படுவதில்லை. பெயரே காணவில்லை என்றால் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டார் என்றும் உடனே முடிவுகட்டக் கூடாது; பல் மருத்துவர்கள் ஆண்டுக் கட்டணத்தை டிசம்பர் 31க்குள் செலுத்த வேண்டும், செலுத்தாதவர், ஓய்வு பெற்றவர் பெயரும் போய்விடும். காரணத்தை அறிய விசாரணை முடிவுகளின் பக்கத்தில் தேட வேண்டும். வரவிருக்கும் விசாரணைகளின் பட்டியலும் அங்கே உண்டு. நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பது இப்போது அதைத்தான்.

இதனால் நான் கடைப்பிடிப்பது இது. சிகிச்சை பல கட்டங்களாக நீள்வதாக இருந்தால், ஒவ்வொரு பெரிய கட்டத்துக்கும் முந்தைய நாள் பதிவு எண்ணை இட்டுப் பார்க்கிறேன்; ஊருக்குக் கிளம்புமுன் பி.என்.ஆர். நிலையைப் பார்ப்பதற்கு ஆகும் நேரம்கூட ஆகாது. நிலை மாறியிருந்தால் நாளைப் பார்க்க வேண்டும், பிறகு நிபந்தனையின் வாசகத்தை முழுதும் படிக்க வேண்டும். மேற்பார்வையின் கீழ் பணியாற்ற வேண்டும் என்று இருந்தால், மேற்பார்வையாளர் யார், அன்று அவர் இருப்பாரா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேசிய சுகாதாரச் சேவையின் கீழ் சிகிச்சை பெறுபவர்கள் இங்கிலாந்தின் பணியாளர் பட்டியலையும் பார்க்கலாம். அந்தச் சேவையில் பல் மருத்துவம் பார்ப்பவர் அதில் தனியாக இடம்பெற்றிருக்க வேண்டும். கவுன்சிலின் பதிவேடு மருத்துவர்களுக்கு மட்டுமானதன்று. பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட், உதவும் செவிலியர், தொழில்நுட்பவியலாளர் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். அழகு நிலையங்களில் பல்லை வெளுக்கச் செய்வது பதிவு பெறாதவர் செய்தால் சட்டவிரோதம் என்பது நம்மில் பலருக்குத் தெரியவே இல்லை.

இனி, பாதிக்கப்பட்ட பின் செய்ய வேண்டியவை. புகார் எதையும் எழுதுவதற்கு முன் சிகிச்சைப் பதிவுகளை வாங்கிவிட வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி என்னைப் பற்றிய எல்லாப் பதிவுகளின் நகலும் வேண்டும் என்று மின்னஞ்சலில் ஒரு பத்தி எழுதினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சிகிச்சைக் குறிப்புகள், எக்ஸ்ரே படங்கள், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், கிரவுன் செய்த லேபின் சீட்டு, கட்டண விவரம், மின்னஞ்சல்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எனக்கு வந்த குறிப்புகளில், நரம்புப் பாதிப்புக்கான அபாயம் விரிவாக விளக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. வேறு எந்த நாள் குறிப்பிலும் இல்லாத அழகான முழு வாக்கியம் அது. நான் அன்றன்று மனைவிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் அங்கே கைகொடுத்தன. பிப்ரவரி சிகிச்சைக்கு மறுநாள் காலை, "உதடு இன்னும் மரத்தே இருக்கிறது, டாக்டர் போனில் சரியாகும் என்கிறார்" என்று எழுதியது நாளும் நேரமுமாகக் கிடந்தது.

கவுன்சிலுக்குப் புகாரை ஒரே பக்கத்தில் எழுதினேன். முதல் வரைவு ஐந்து பக்கம் போயிற்று, அதில் பாதி கோபம். மனைவி படித்துவிட்டு, நடந்ததை மட்டும் நாள்வாரியாக எழுதுங்கள் என்றாள். மார்ச் ஆணையின் வாசகத்தையும் ஜூன் மாதக் குறிப்பையும் அடுத்தடுத்து வைத்தேன். அந்த மருத்துவருக்கு என் புகாரைக் காட்டச் சம்மதமா என்று கேட்டார்கள், சம்மதித்தேன். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்கோடு என்னுடையதும் சேர்க்கப்பட்டு, சாட்சி வாக்குமூலம் எடுக்கப்பட்டு, 2024இல் தொழில்முறை நடத்தைக் குழுவின் முன் விசாரணை நடந்தது. இந்த இடைக்காலத்தில் பலமுறை, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. பணம் கிடைப்பதற்கான வழி அதுவல்ல என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் அந்த அலுப்பு குறைந்திருக்கும். ஒழுங்குமுறை அமைப்பால் இழப்பீடு வழங்கச் சொல்ல முடியாது, கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்ல முடியாது, மன்னிப்புக் கேட்க வைக்கவும் முடியாது. அந்த மருத்துவர் தொழில் செய்யலாமா, எந்தக் கட்டுப்பாட்டோடு செய்யலாம் என்பது மட்டுமே அங்கே கேள்வி.

முடிவு ஆவணத்தைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். முதலில் குற்றச்சாட்டுகள் எண்ணிட்டு வரும். ஒவ்வொன்றின் எதிரிலும், ஒப்புக்கொள்ளப்பட்டது, நிரூபணமானது, நிரூபணமாகவில்லை என்று இருக்கும். இங்கே குற்றவியல் வழக்குகளுக்கான அளவுகோல் இல்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்பதே அளவு. அடுத்து, நிரூபணமானவை தொழில்முறைத் தவறாகுமா என்ற பகுதி. அதற்கடுத்து, இன்றைய தேதியில் அவருடைய பணித்தகுதி குறைவுபட்டிருக்கிறதா என்ற பகுதி. இதுதான் பலரையும் ஏமாற்றும் இடம். நேற்று தவறு செய்தவர், பயிற்சி பெற்றுத் திருந்திவிட்டார் என்று குழு கருதினால், குற்றச்சாட்டு நிரூபணமாகியும் தண்டனை இல்லாமல் போகலாம். ஆகவே நடவடிக்கை இல்லை என்ற கடைசி வரியை மட்டும் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்; முதல் பக்கங்களைப் படியுங்கள். தண்டனைகள் கண்டனத்தில் தொடங்கி, 36 மாதம் வரையிலான நிபந்தனைகள், 12 மாதம் வரையிலான இடைநீக்கம், பெயர் நீக்கம் என்று போகும். பெயர் நீக்கப்பட்டவர் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் விண்ணப்பிக்கலாம். மேல்முறையீட்டுக்கு 28 நாள் உண்டு. குழு உடனடி ஆணை பிறப்பிக்காவிட்டால் அதுவரை தண்டனை நடைமுறைக்கு வராது. எனவே முடிவு வெளியான வாரத்தில் அவர் இன்னும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வியப்படைய வேண்டாம்.

அந்த ஆவணத்தில் நோயாளிகள் யாருக்கும் பெயர் இல்லை, ஆங்கில எழுத்துகள்தாம். என் எழுத்து எஃப். 'நோயாளி எஃப்' சிகிச்சைக்குப் பின் மரப்பு இருப்பதாகத் தெரிவித்தார், அது உரிய முறையில் ஆராயப்படவில்லை, நிரூபணமானது. என் வாழ்க்கையின் இரண்டு ஆண்டுகள் மூன்று வரிகளில் அடங்கியிருந்தன. எனக்கு முன் ஏயிலிருந்து ஈ வரை ஐந்து பேர் இருந்தார்கள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவர்களில் இருவர் வேறொரு கிளினிக்கில் 2020இல் சிகிச்சை பெற்றவர்கள். உடனடி ஆணையோடு 12 மாத இடைநீக்கம் விதிக்கப்பட்டது. ஆணையை மீறி ஜூனில் சிகிச்சை செய்ததுதான் குழுவின் கண்ணில் மிகக் கடுமையானதாகப் பட்டது. மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது தூக்கம்தான், நல்ல தூக்கம். கிளினிக் உரிமையாளருக்கு அந்த நிபந்தனை தெரியுமா என்பது பற்றி வெளியான முடிவு எதுவும் இல்லை. ஆகவே அதைப் பற்றி நானும் எதுவும் சொல்வதற்கில்லை.

பணத்துக்கு வருகிறேன். தனியார் சிகிச்சை என்றால் முதலில் கிளினிக்குக்கு எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். தீரவில்லை என்றால் டென்டல் கம்ப்ளெயின்ட்ஸ் சர்வீஸ் என்ற இலவசச் சமரசச் சேவை இருக்கிறது. சிகிச்சை நடந்த அல்லது பிரச்சினை தெரியவந்த 12 மாதங்களுக்குள் போக வேண்டும். கட்டணத்தைத் திருப்பித் தருவது, மறுசிகிச்சைச் செலவில் பங்கு ஏற்பது போன்றவற்றுக்கு அது உதவும். சுகாதாரச் சேவைச் சிகிச்சை என்றால் அந்தப் பகுதியின் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியம், அதற்குமேல் நாடாளுமன்ற மற்றும் சுகாதாரச் சேவை ஒம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளர் என்று பாதை வேறாகும். உடலுக்கு ஏற்பட்ட கேட்டுக்கு இழப்பீடு வேண்டும் என்றால் சிவில் வழக்குதான். பாதிப்பு நிகழ்ந்த அல்லது தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகள் கெடு. கவுன்சிலின் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கெடு கண்ணெதிரே கரைந்துவிடும். நானும் ஒரு வழக்கறிஞர் சொன்ன பிறகே இரண்டையும் ஒரே காலத்தில் நடத்தினேன்.

என்னைக் காப்பாற்றியது அந்த 600 பவுண்டு முன்பணம். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75இன்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், ஒப்பந்த மீறலுக்கு அட்டை நிறுவனமும் கூட்டுப் பொறுப்பாகும். முன்பணம் மட்டும்தானே எங்கள் அட்டையில் வந்தது என்று முதலில் மறுத்தார்கள். சட்டம் பார்ப்பது முழு விலையைத்தான் என்று எழுதி, நிபுணரின் அறிக்கையையும் இணைத்தேன். அறிக்கைக்கு 450 பவுண்டு ஆயிற்று. அட்டை நிறுவனம் மீண்டும் மறுத்தால் நிதிக் குறைதீர் அமைப்புக்குக் கட்டணமின்றிப் போகலாம். அதை ஒரு வரியில் குறிப்பிட்டேன். 4,600 பவுண்டும் திரும்ப வந்தது. டெபிட் கார்டுக்கும் ரொக்கத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், ரொக்கமாகத் தந்தால் தள்ளுபடி என்று சொல்லும் இடங்களில் இரண்டு முறை யோசியுங்கள்.

மறுசிகிச்சை தனிக்கதை. நரம்பை அழுத்திய இம்ப்ளாண்டை எடுத்து, எலும்பு ஆற விட்டு, வேறு முறையில் பற்களைப் பொருத்த 5,900 பவுண்டு. அதற்கான வழக்கு சமரசத்தில் முடிந்தது. வென்றால்தான் கட்டணம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கறிஞர்கள் தங்கள் வெற்றிக் கட்டணத்தை இழப்பீட்டிலிருந்து பிடிப்பார்கள். அது கடந்தகால இழப்பிலும் வலிக்கான தொகையிலும் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. சுயதொழில் மருத்துவர், எங்களுக்குப் பொறுப்பில்லை என்ற பதிலையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2022இல் ஹியூஸ் எதிர் ரத்தன் வழக்கில், சுகாதாரச் சேவையின் கீழ் சுயதொழில் முறையில் பணியாற்றிய மருத்துவர்கள் அளித்த சிகிச்சைக்குக் கிளினிக் உரிமையாளருக்குப் பிறரிடம் தள்ளிவிட முடியாத கடமை உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. என்னுடையது தனியார் சிகிச்சை என்றாலும், அந்தத் தீர்ப்பைச் சுட்டிய கடிதத்துக்குப் பிறகு கிளினிக் தரப்பின் பேச்சு மாறியது. கையை விட்டு நிரந்தரமாகப் போனது என்று கணக்குப் பார்த்தால், சம்பளமில்லா விடுப்பும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு. மோவாயில் உணர்வு திரும்பிவிட்டது; உதட்டில் ஒரு விரலகலம் திரும்பவில்லை, இனித் திரும்பாது என்றுதான் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. பதிவேட்டில் ஏதேனும் கண்டால் அன்றே அந்தப் பக்கத்தையும் நிபந்தனை ஆவணத்தையும் தேதி தெரியும்படி பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். 2022 மார்ச் மாத இடைக்கால ஆணை இப்போது அவருடைய பக்கத்தில் இல்லை. விசாரணை முடிந்ததும் அதன் இடத்தில் இடைநீக்க ஆணை வந்துவிட்டது. கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து எடுத்து வைத்த அந்தப் படம்தான் அட்டை நிறுவனத்துக்கும் வழக்கறிஞருக்கும் நான் அனுப்பிய முதல் இணைப்பு.